ஊர்வாயும் அளவுகோலும்

"ஊர்வாயை மூட உலைமூடி இல்லை" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. மூடுதல் இயலாதெனின் அளத்தலேனும் இயலுமோ என்னும் வினாவை அப்பழமொழியைக் கூறியோர் எழுப்பினாரல்லர். இக்காலத்திலோ, அவ்வினாவுக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்கள் உலகின் பல பாகங்களிலும் தோன்றியுள்ளன. ஒரு சவர்க்காரத்தைப் பற்றியோ, ஒரு வங்கியைப் பற்றியோ, ஒரு தொலைபேசிக் கொம்பனியைப் பற்றியோ மக்கள் இணையத்தில் எழுதுவனவற்றைக் கணினி கொண்டு திரட்டிப் புகழ் இவ்வளவு, இகழ் இவ்வளவு என எண்ணிக் காட்டுவது அவற்றின் பணியாகும். இத்தொழில் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு நடைபெறுகின்றது, எவ்விடத்துப் பிழைபடுகின்றது, தமிழ் பேசும் நமக்கும் நம் தீவகத்துக்கும் இதனால் விளைவது யாது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

கடையும் பெயரும்

வணிகனுக்குப் பெயரே முதல் என்பதைத் தீவகத்தாருக்கு எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. பாய்க்கப்பற் காலத்தில் ஊர்காவற்றுறை வடபகுதியின் பெயர்பெற்ற துறைகளுள் ஒன்றாய் விளங்கிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர் வரையும் சென்று விலைபோயிற்று. ஆங்கு வாங்கியோர் ஈங்கு விளைத்தோரைக் கண்டாரல்லர். விளைத்தோரும் வாங்கியோரைக் கண்டாரல்லர். இருசாராரையும் பிணைத்து நின்றது சரக்கின் பெயர் ஒன்றே. பின்னர் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்ட பலர் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகரங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். அக்கடைகளின் முதலாளி காசுமேசையில் இருந்தவாறே வருவோரின் முகத்தை நோக்குவார்; அரிசியை அள்ளி மோந்து பார்ப்பவரின் புருவத்தை நோக்குவார்; நேற்று வந்தவர் இன்று எதிர்க்கடைக்குப் போவதையும் நோக்குவார். அந்நோக்கே அவருடைய அளவுகோல். நூறு வீட்டார் வாங்கும் கடைக்கு அது போதியதாயிருந்தது. பத்திலட்சம் பேர் வாங்கும் கொம்பனிக்கு அது போதாது. வாங்குவோரின் முகம் மறைந்து அவர் எழுதும் எழுத்து மாத்திரம் எஞ்சியவிடத்து, எழுத்திலே முகத்தைத் தேடும் கருவி வேண்டியதாயிற்று.

தொழிலின் தோற்றம்

கனடாவின் கிழக்கே நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் தலைநகராயுள்ள பிரெடரிக்ரன், யாழ்ப்பாண மாநகரத்தினும் சிறியதோர் ஆற்றங்கரைப் பட்டினம். ஆங்கு 2006 ஆம் ஆண்டிலே 'ரேடியன் சிக்ஸ்' என்னும் சிறு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஒரு வணிகப் பெயர் இணையத்தில் எங்கெங்கே பேசப்படுகின்றது என்பதைக் கண்டு, அப்பெயருக்கு உரியோர் முன் ஒரே பலகையில் வைத்தல் அதன் வேலை. ஐந்து ஆண்டு கழிவதற்குள், 2011 மார்ச் மாதத்தில், சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனி அதனை ஏறக்குறைய 326 மில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டது. பெருநகரத்தில் வாழ்ந்தாலன்றி இத்தகைய தொழில் கைகூடாது என எண்ணுவோர்க்கு இவ்வரலாறு தக்க மறுமொழியாகும்.

நமக்கு அணித்தாயுள்ள எடுத்துக்காட்டு சென்னையில் உண்டு. திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவராகிய கிரீஷ் மாத்ருபூதம் என்பவர் பொதுமேடைகளில் எடுத்துக்கூறிய வரலாறு இது. அவர் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது கப்பலில் வந்த தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து போயிற்று. காப்புறுதிப் பணத்தைப் பெறுவதற்குப் பல மாதம் கடிதமும் தொலைபேசியுமாய் முயன்றும் பயனில்லை. ஈற்றில் குடிபெயர்வோர் கூடி உரையாடும் இணையப் பொதுமன்று ஒன்றிலே தம் குறையை எழுதினார். எழுதிய உடனே கொம்பனியின் தலைவர் மன்னிப்புக் கோரினார். பணமும் வந்து சேர்ந்தது. தனியொருவன் கடிதத்துக்கு இல்லாத வலிமை, பலர் காண எழுதிய எழுத்துக்கு உண்டென்பதை அவர் அன்று கண்டார். வாடிக்கையாளர் குறையைக் கேட்டுத் தீர்ப்பதற்கான மென்பொருளை ஆக்கும் எண்ணம் இவ்வழியே வலுப்பெற்றது. 2010 ஆம் ஆண்டிலே தம் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியுடன் 'பிரெஷ்டெஸ்க்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வாடிக்கையாளராய் அமைந்தது அவுஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்லூரி என்பது கல்லூரி மலர் படிக்கும் நமக்கு இனிய செய்தியன்றோ?

அந்நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் டில்லியில் இயங்கிய 'எயார்வூட்' என்னும் சிறு நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சமூக வலைத்தளங்களில் ஒரு கொம்பனியின் பெயரைச் சொல்லி ஓயாது எழும் பேச்சினுள், மறுமொழி வேண்டி நிற்கும் மெய்யான முறைப்பாடு எது, வெறும் அரட்டை எது எனக் கணினியாற் பிரித்தறிவது எயார்வூட்டின் கலை. பிரெஷ்டெஸ்க் 2017 இல் 'பிரெஷ்வேர்க்ஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்று, 2021 செப்டெம்பர் 22 ஆம் நாள் நியூயோர்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. உடைந்த பெட்டி ஒன்றைப் பற்றிய முறைப்பாடு இத்துணைத் தூரம் வந்தது.

கருவி இயங்கும் வகை

இக்கருவியின் தொழிலை நான்கு படியாக வகுத்துக் கொள்ளலாம். முதலாவது திரட்டல்: குறித்த பெயர் வரும் எழுத்துக்களையெல்லாம் ஒன்றுசேர்த்தல். இரண்டாவது களைதல்: அப்பெயர் வேறொன்றைக் குறிக்கும் இடங்களை நீக்குதல். 'அன்னம்' என்பது ஒரு கொம்பனியின் பெயராயின், சோற்றைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எழுதியவற்றைக் களையவேண்டும். மூன்றாவது வகுத்தல்: எஞ்சியவற்றைப் புகழ், இகழ், நடு எனப் பிரித்தல். நான்காவது தொகுத்தல்: பிரித்தவற்றை எண்ணி, நாட்கணக்காய் ஏற்ற இறக்கம் தோன்ற வரைந்து காட்டுதல். இவற்றுள் மூன்றாவதே கடினமானது; கருவியின் தரம் அதனாலேயே அறியப்படும்.

வகுத்தல் எத்துணைக் கடினம் என்பதை 2002 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நன்கு காட்டிற்று. கோர்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போ பாங், லிலியன் லீ என்போரும், ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிவகுமார் வைத்தியநாதனும் திரைப்பட மதிப்புரைகளிற் புகழ்வன 700, இகழ்வன 700 எடுத்துக்கொண்டனர். கணினியியல் பயிலும் மாணவர் இருவரிடம், புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் அடையாளமாகத் தக்க சொற்களைத் தம் அறிவுக்கெட்டியவாறு எழுதித்தருமாறு கேட்டனர். அச்சொற்பட்டியல்களைக் கொண்டு மதிப்புரைகளை வகுத்தபோது நூற்றுக்கு 58 உம் 64 உமே சரியாயின. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் 50 கிடைக்கும் என்பதை நினைவிற் கொள்ளுக. சொற்பட்டியலை விடுத்து, முன்னரே வகுக்கப்பட்ட மதிப்புரைகளைக் கணினிக்குக் காட்டி, எச்சொல் எப்பக்கம் சாய்கின்றதென அதுவே கற்றுக்கொள்ள விட்டபோது நூற்றுக்கு ஏறக்குறைய 83 சரியாயிற்று. வினாக்குறியும் வியப்புக்குறியும் இகழுரைக்கு அடையாளமாதல் கூடும் என்பது மாணவர் எண்ணிப்பாராதது. தரவுகளை எண்ணிப் பார்த்தபோதே தெரியவந்தது.

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கணினி தானாக எதனையும் அறிவதில்லை. மனிதர் முன்பு வகுத்து வைத்தவற்றைப் பார்த்தே அது வகுக்கின்றது. எவர் வகுத்துக் கொடுத்தாரோ அவருடைய மொழியும் வழக்கும் அதன் செவியாகின்றன.

இனித் தொகுத்தலுக்கு ஒரு கணக்குச் செய்வோம். பனங்கட்டி செய்து விற்கும் ஒருவர் தம் சரக்கைப் பற்றி இணையத்தில் 200 குறிப்புக்கள் இருக்கக் காண்கின்றார் எனக் கொள்வோம். அவற்றுட் புகழ்வன 120, இகழ்வன 50, நடுவாயின 30. புகழிலிருந்து இகழைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் 70 ஐ 200 ஆல் வகுத்தவாறாகி, நூற்றுக்கு 35 என்னும் நன்மதிப்பு எண் கிடைக்கும். ஆயின் புகழ்ந்தவற்றுள் 40, இலவசப் பொதி பெற்றவர்கள் எழுதியவை என்று பின்னர் தெரிகின்றது. அவற்றை நீக்கினாற் புகழ் 80, இகழ் 50, மொத்தம் 160. எண் 19 ஐயும் எட்டாது. சரக்கு மாறவில்லை, வாங்கியோர் நாவும் மாறவில்லை, எண் மாத்திரம் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆதலின் எண்ணைக் கண்டவுடன் மகிழ்தலும் வருந்துதலும் தகா. அவ்வெண் எங்கிருந்து வந்ததென வினாவுதலே தக்கது. பொய் மதிப்புரைகள் பெருகியமையாலேயே இந்தியத் தர நிர்ணயப் பணியகம் 2022 நவம்பரில், இணைய மதிப்புரைகளைத் திரட்டுதற்கும் வெளியிடுதற்கும் உரிய நெறிகளை ஐ.எஸ். 19000 என்னும் நியமமாக வகுத்து வெளியிட்டது.

தமிழ் படும் பாடு

ஆங்கிலத்துக்கு இயன்றது தமிழுக்கு இயல்கின்றதா? 2020 ஆம் ஆண்டிலே பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவருடன் ஆராய்ந்தோரும் தமிழ்த் திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் யூரியூப்பில் எழுதப்பட்ட 15,744 கருத்துக்களைத் திரட்டி, வகுத்து வெளியிட்டனர். தமிழும் ஆங்கிலமும் கலந்தும், தமிழை உரோமன் எழுத்தில் எழுதியும் மக்கள் உரையாடும் அவ்வெழுத்தே எடுத்துக்கொள்ளப்பட்டது. அவற்றுட் புகழ்வன 10,559, இகழ்வன 2,037, இரண்டும் கலந்தன 1,801, எஞ்சியன நடுவாயினவும் தமிழல்லாதனவும். இவ்வெண்களை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். எதைக் காட்டினும் "புகழ்" என்றே விடைகூறும் பொறி ஒன்று இருப்பின், அதுவும் நூற்றுக்கு 67 சரியாகச் சொன்னதாகவே கணக்கிடப்படும். ஆனால் அது ஒரு முறைப்பாட்டையேனும் கண்டுபிடியாது. "எங்கள் கருவி இத்தனை வீதம் சரி" என விற்போர் கூறும்போது, இகழ்ச்சியை எத்தனை வீதம் கண்டுபிடித்தது எனத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

அவ்வாராய்ச்சியில் ஒவ்வொரு கருத்தையும் குறைந்தது மூவர் தனித்தனியே வகுத்தனர் என்பதும் கருதத்தக்கது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே தெளிக என்றும் வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்திலே விதித்திருக்கின்றார். அரசனுக்கு அவர் கூறிய நெறியை இன்று கணினிக்குப் பாடம் தயாரிப்போர் கைக்கொள்கின்றனர். மூவர் வகுத்தும் ஒவ்வாத கருத்துக்கள் உண்டெனின், அது மனிதர் குற்றமன்று, பேச்சின் இயல்பு.

தமிழிலே மறுப்பு பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் ஒட்டி நிற்கும். "குறை சொல்ல ஒன்றுமில்லை" என்பதில் 'குறை' உண்டு, 'இல்லை' உண்டு. ஆயினும் அது முழுப் புகழ்ச்சி. "பரவாயில்லை" என்பது சிலர் வாயில் மெச்சுதல், சிலர் வாயிற் பொறுத்துக்கொள்ளுதல். "நல்ல சாமான்தான், இரண்டு நாள் நின்று பிடித்தது" என்று ஒருவர் எழுதினால், நம் வீட்டுச் சிறுவனும் அதன் உட்பொருளை அறிந்து சிரிப்பான். 'நல்ல' என்னும் சொல்லைக் கண்ட பொறியோ அதனைப் புகழிற் சேர்க்கும்.

இவை தமிழர் யாவருக்கும் பொதுவாயின. யாழ்ப்பாணத்துத் தமிழுக்கும் தீவகத்துத் தமிழுக்கும் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. "சாமான் திறம்" என்றால் நமக்கு அது உயர்ந்த பாராட்டு. "வடிவாய் இருக்கு" என்றால் அழகென்றும் செவ்வை என்றும் பொருள். சென்னை வழக்கைக் கற்ற பொறி அதனை உருவத்தைப் பற்றிய பேச்செனக் கொள்ளும். "கெதியாய் வந்தது" என்பது விரைவைப் பாராட்டுதல். "கடைக்காரர் பேசிப்போட்டார்" என்பதோ மிகக் கொடிய முறைப்பாடு. ஏனெனில் நாம் கதைப்பது உரையாடலுக்கு, பேசுவது வைதற்கு. சென்னையிற் பழகிய பொறி, கடைக்காரர் வாடிக்கையாளருடன் உரையாடினார் என அமைதியாகக் குறித்துக்கொண்டு அப்பாற் செல்லும். முறைப்பாடு ஒன்று எழுந்தது, கேட்டவர் ஒருவருமில்லை.

அண்மைக் காலத்திலே நிலைமை ஓரளவு சீர்ப்பட்டுள்ளது என்பதையும் கூறுதல் முறை. 2018 இல் கூகிள் வெளியிட்ட 'பேர்ட்' என்னும் மொழி மாதிரியின் பன்மொழிப் பதிப்பு நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. அதன்பின் வந்த பெரிய மொழி மாதிரிகள் தமிழை மேலும் நன்கு கையாளுகின்றன. எனினும் அவை யாவும் எழுதிக் குவிந்தவற்றைக் கொண்டே கற்பன. எவ்வழக்கிற் குறைவாக எழுதப்பட்டுள்ளதோ அவ்வழக்கை அவை குறைவாகவே அறியும்.

கேளாச் செவியின் விளைவு

இஃது ஏதோ வணிகருக்கு மாத்திரம் உரிய சிறு குறை எனக் கருதற்க. பனங்கட்டியைப் பற்றிய பேச்சைப் பிரிக்கும் அதே கலைதான், வலைத்தளங்களில் வெறுப்பையும் வன்முறைத் தூண்டுதலையும் பிரித்தறிதற்கும் கருவியாகின்றது. 2018 மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டத்துத் திகனவிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகநூல் வழியே வெறுப்புரைகள் விரைந்து பரவியமையால் அரசாங்கம் அதனையும் வேறு சில வலைத்தளங்களையும் ஏறக்குறைய ஒரு வாரம் தடைசெய்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட அவ்வுரைகளை அறிந்து காலத்தில் நீக்குதற்குத் தக்க ஏற்பாடு கொம்பனியிடம் போதியளவு இருந்ததில்லை. 2020 மே மாதத்திலே, தன் தளம் அவ்வாறு பயன்பட்டமைக்கு அக்கொம்பனி மன்னிப்புக் கோரியது. ஒரு மொழியைக் கேட்க அறியாத கருவி, அம்மொழி பேசுவோரின் முறைப்பாட்டை மாத்திரமன்றி அபாயக் குரலையும் தவறவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

பெரும்பேச்சும் பெரும்பான்மையும்

மொழியை நன்கறிந்த கருவியும் வேறொரு வழியிற் பிழைக்கலாம். 1936 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் 'லிற்றரறி டைஜஸ்ற்' என்னும் வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 23 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என அது முடிவுகூறிற்று. மிகச் சிறிய தொகையினரை, ஆனால் எல்லா வகுப்பினரும் அமையத் தேர்ந்து வினாவிய ஜோர்ஜ் கலப் என்பவர் ரூஸ்வெல்ற் வெல்வார் என்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அவ்விதழ் 1938 இல் நின்றுபோயிற்று. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்தமையும், மனக்குறை உடையோரே மிகுதியாக விடையெழுதியமையும் அப்பிழைக்குக் காரணமெனக் கூறுவர். பலரைக் கேட்டல் வேறு. எல்லாவகையினரையும் கேட்டல் வேறு.

இதனை நம்மூருக்குப் பொருத்திப் பார்ப்போம். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுப் பயணத்தைப் பற்றி மக்கள் கருத்தை அளக்க எவரேனும் விரும்பினாற் செய்வது யாது? நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க வருவோர் தமிழிலும், நாகதீப விகாரைக்கு வருவோர் சிங்களத்திலும், நெடுந்தீவுக் குதிரைகளைக் காண வரும் பிறநாட்டார் ஆங்கிலத்திலும் எழுதுவர். ஆங்கிலம் மாத்திரம் அறிந்த கருவி மூன்றில் ஒரு சாராரையே கேட்கும். மும்மொழியும் அறிந்த கருவியும், நாள்தோறும் அப்படகை நம்பி வாழும் நெடுந்தீவு மூதாட்டி ஒருவரைக் கேளாது. அவர் எங்கும் எதனையும் எழுதுவதில்லை. மருந்துக்கும் பள்ளிக்கும் கடல் கடப்போரின் குரல், ஒருநாட் சுற்றுலா வந்தோரின் குரலுக்குக் கீழே அமிழ்ந்துபோகும். அவ்வெண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் படகு நேரத்தை மாற்றுவாராயின், அளந்ததனால் வந்த தீங்கு அளவாமையால் வந்த தீங்கினும் பெரிதாகும். ஆதலின் இணையத்தை அளப்போர் துறைமுகத்துக்கும் சென்று, வரிசையில் நிற்போரை வினாவுதல் கடன்.

தொழிலில் உள்ள இடர்

இத்தொழிலை மேற்கொள்ள எண்ணும் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டிய இடர்கள் வேறும் உள. இக்கருவிகள் பிறர் கிணற்றில் நீரள்ளித் தோட்டம் செய்வோரை ஒப்பன. நன்னீர்க் கிணற்றின் அருமை அறிந்த தீவகத்தாருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கிணற்றுக்காரர் கதவைச் சாத்தினாற் பயிர் வாடும். 2023 இல் ருவிற்றர் தளம் தன் தரவை இலவசமாகப் பெறும் வழியை மூடிற்று. முகநூற் பதிவுகளை ஆராய்வோர் பெரிதும் பயன்படுத்திய 'கிரவுட்ராங்கிள்' என்னும் கருவி 2024 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஒரு தளத்தை மாத்திரம் நம்பித் தொழில் தொடங்குதல் அறிவுடைமையன்று.

அறத்தின்பாற்பட்டதும் ஒன்றுண்டு. ஊர் என்ன சொல்கின்றது என எண்ணுதல் ஒன்று. இன்னார் என்ன சொன்னார் எனப் பெயர் குறித்துச் சேர்த்து வைத்தல் மற்றொன்று. முன்னையது வணிகம், பின்னையது வேவு. இலங்கைப் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியுள்ளது. இந்தியாவும் 2023 இல் அத்தகைய சட்டத்தை இயற்றிற்று. எழுதினவரின் பெயரையும் முகவரியையும் நீக்கி, எண்ணை மாத்திரம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகுதல் சட்டத்துக்கும் நல்லது, மனச்சான்றுக்கும் நல்லது.

நாம் செய்யத்தக்கது

யாழ்ப்பாணத்திலே இத்துறைக்கு வேண்டிய ஆர்வம் இல்லாமலில்லை. யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012 தொடக்கம் 'யாழ் கீக் சலஞ்ச்' என்னும் போட்டியை நடத்தி, இளைஞர் தம் எண்ணங்களைத் தொழிலாக்க ஊக்கமளித்து வந்துள்ளது. கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா நிறுவனத்துடன் தொடர்புற்ற ஆராய்ச்சியாளர் 2020 இல், 533 இலங்கை முகநூற் பக்கங்களின் பத்தாண்டு எழுத்தைத் திரட்டி, சிங்கள மொழியைக் கணினிக்குக் கற்பித்தற்கு உதவும் தொகுப்பை வெளியிட்டனர். நம் வழக்குக்கும் அவ்வாறான தொகுப்பு வேண்டும். அதற்குப் பெருமுதல் வேண்டா. நம் பேச்சை நன்கறிந்தவரின் பொறுமையே வேண்டும். பிரெடரிக்ரனிலோ சென்னையிலோ உள்ள நிபுணர் எவ்வளவு வல்லவராயினும், 'பேசினார்' என்பதற்கும் 'கதைத்தார்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை நம்மிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே நம் மாணவர்க்கு ஒரு பயிற்சியைக் கூறி அமைவோம். யாழ்ப்பாணத்து உணவுப் பொருள், கடை, பயணம் என்பவற்றைப் பற்றிப் பலர் காண எழுதப்பட்ட 300 கருத்துக்களைத் திரட்டுக. எழுதியோரின் பெயர்களை நீக்குக. மூவர் தனித்தனியே இருந்து, ஒருவரையொருவர் கலவாது, ஒவ்வொன்றையும் புகழ், இகழ், கலப்பு, நடு என வகுக்குக. பின் மூவர் ஏட்டையும் ஒப்பிட்டு, எத்தனை ஒத்தன, எத்தனை ஒவ்வாதன என எண்ணுக. ஒவ்வாதவற்றைத் தனியே வைத்து, எச்சொல்லால் ஐயம் வந்ததெனக் குறிக்க. இறுதியாக, கையிற் கிடைக்கும் ஒரு கணினிக் கருவியிடம் அதே 300 ஐயும் கொடுத்து, அது எவ்விடங்களில் இகழ்ச்சியைத் தவறவிடுகின்றதெனக் காண்க. ஒரு தவணைக்குள் முடியக்கூடிய வேலை இது. ஒருவர் பண்டிதராயும், ஒருவர் கணிதம் வல்லவராயும், ஒருவர் கடைக்காரர் மகனாயும் இருப்பின் மிக நன்று.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரும் இதற்குத் துணைபுரியலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நம் ஊர்ச் சரக்கை வாங்கி உண்போர் அவர்களே. ஊரைப் பற்றி எழுதுவோரும் அவர்களே. இங்குள்ள சிறு உற்பத்தியாளருக்கு அவர் எழுத்து முகமாகவும், கணினி கற்கும் மாணவருக்கு அது பாடமாகவும் பயன்படும். ஊர்வாயை மூடுதல் எவர்க்கும் இயலாது. அதனை நேர்மையாகக் கேட்கப் பழகுதல் இயலும். அடுத்த விழா மலரிலே மாணவர் ஒருவர் தம் 300 கருத்துக்களின் முடிவையும், மூவரும் ஒவ்வாத சொற்களின் பட்டியலையும் எழுதி வெளியிடுவாராயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவுறும்.